ஒன்பது நாற்பதில் இறங்கிய கோடு

நீங்களும் அந்த அரை மணித்தியாலத்துக்குள் வளர்ந்தவர்கள்தான். மறந்திருப்பீர்கள். ஒரு தேத்தண்ணி ஊற்றிக் குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்க்கிற நேரம். அதை யார் ஞாபகம் வைத்திருப்பது.

நாம் சின்னவர்களாக இருந்தபோது அரசாங்கம் ஒரு நாள் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. கரண்டு மிச்சம் பிடிக்க என்றார்கள். சில மாதங்களில் அதில் பாதியைத் திருப்பித் தந்தது. மீதிப் பாதியைப் பத்து வருஷம் போலத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அதிலிருந்து மலையில் எல்லாவற்றுக்கும் இரண்டு நேரம். பஸ்ஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும், நாம் ஸ்டோர் என்று சொல்கிற தேயிலை ஆலைக்கும் புது நேரம். கோவில் பூசைக்கும் தாலி கட்டுக்கும் அரை மணித்தியாலம் பிந்திய பழைய நேரம். “பழசா, புதுசா?” என்று கேட்காமல் யாரும் மணி கேட்டதில்லை.

நானும் கேட்காமல் இருந்ததில்லை. ஒரே ஒரு தடவை தவிர.

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்கு ஏறும் பாதையில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். நாங்கள் குடியிருந்த லயங்களுக்குக் கீழே பள்ளிக்கூடம், தகரக் கூரை. மழை விழுந்தால் டீச்சரின் வாய் அசைவது மட்டும் தெரியும். எங்கள் விஞ்ஞான டீச்சர் யாழ்ப்பாணம். “ஆமாம்” என்பதற்கு “ஓம்” என்று அவர் சொன்னால் நாங்கள் கோவில் மந்திரம் என்று சிரிப்போம். அவர் கோபிக்கமாட்டார். “சிரியுங்கோ, சிரிச்சுப்போட்டு எழுதுங்கோ” என்பார்.

அவர் கையில் ஒரு சின்ன மணிக்கூடு. கறுப்புத் தோல் பட்டி, நகம் அளவு முகம். அதைப் பார்த்து, “இன்னும் நேரம் கிடக்கு” என்று அவர் புதிதாக ஒன்றைத் தொடங்குவார். உடனே மணி அடித்துவிடும். வகுப்பு முழுக்கச் சிரிக்கும்.

“டீச்சர், ஒங்க மணிக்கூடு சோம்பேறிங்க,” என்றான் கங்காணி மகன்.

“சோம்பேறி இல்லை. பழைய நேரம். அம்மா இருக்கிற பக்கம் அரசாங்கத்தின்ர புது நேரம் செல்லாது, இன்னும் பழைய நேரம்தான். அம்மா சாப்பிடேக்க நானும் சாப்பிடவேணும் எல்லே. கூட்டிப் பாக்க மறந்திடுறன்.”

இதை நான் காதால் கேட்டேன். முன் வாங்கில் உட்கார்ந்து, அவர் வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

அந்த வருஷம் ஜீப்பில் ஒரு பெட்டி வந்தது. ஏதோ வெளிநாட்டுத் திட்டம். தோட்டப் பள்ளிகளுக்கு விஞ்ஞானம் தருகிறார்களாம். பெட்டிக்குள் மூன்று தடித்த கணக்கு மெஷின். சாம்பல் நிறத் திரை, கறுப்பு உடம்பு, கடைக்காரர்கள் வைத்திருப்பதைவிட நாலு மடங்கு பெரிது. வரைபுக் கணிப்பான் என்றார் டீச்சர். அது எண் மட்டும் காட்டாது, கோடும் கீறும். அதோடு வயர் போட்டுச் செருகுகிற சாமான்கள். ஒன்று வெளிச்சத்துக்கு, ஒன்று அசைவுக்கு, ஒன்று சூட்டுக்கு. சூட்டுக்கான கருவி பென்சில் நீளத்தில் ஒரு எவர்சில்வர் குச்சி. அதை முதன்முதல் தொட்டபோது இருந்த குளிர் இப்போதும் என் விரலில் இருக்கிறது என்று எழுத ஆசை. இல்லை. விரலுக்கு அப்படியெல்லாம் ஞாபகம் இருப்பதில்லை.

“சென்சர் எண்டு எழுதாதேங்கோ. உணரி எண்டு எழுதினாத்தான் புள்ளி.”

“உணரின்னா என்னாங்க டீச்சர்?” என்றாள் என் பக்கத்து வாங்குக்காரி.

“உணருற சாமான். ஆனா ஒண்டும் விளங்காத சாமான். எவ்வளவு எண்டு சொல்லும். ஏன் எண்டு கேட்டா அதுக்குத் தெரியாது.”

அசைவு உணரியை மேசையில் வைத்து, அதன் முன்னே எங்களை நடக்கவிட்டார். டிக் டிக் டிக் என்று பல்லி மாதிரிக் கத்தும். தூரப் போனால் திரையில் கோடு ஏறும், கிட்ட வந்தால் இறங்கும். கங்காணி மகன் நட்டநடுவில் அசையாமல் நின்றான். கோடு தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு ஓடியது.

“என்னடா, செத்துட்டியா?” என்று யாரோ கத்தினார்கள்.

“நிக்கிறதும் ஒரு தரவுதான்,” என்றார் டீச்சர்.

“அப்ப எங்க அண்ணன் நாள் முழுக்கத் தரவுதாங்க டீச்சர்!”

அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்கிறது. யார் சிரித்தது என்று முகம் முகமாகக் கேட்டால் தெரியாது.

பதுளையில் விஞ்ஞானக் கண்காட்சி வந்தது. ஆளுக்கொரு இடத்தில் தரவு எடுத்து வரைபு கீறிக் கொண்டுபோக வேண்டும். ஒருவன் மாட்டுப் பட்டியில் சாணக் குவியலின் சூட்டை அளந்தான். வாங்குக்காரி மலையிலிருந்து பீலியில் வடிகிற தண்ணீரை அளந்தாள். நான் ஸ்டோர் என்றேன். அங்கே என் அப்பா இருந்தார்.

அப்பாவுக்கு நெருப்புப் போடுகிற வேலை. தேயிலையைக் காயவைக்கிற மெஷினை ட்ரையர் என்பார்கள். அதற்குள் போகும் காற்றைச் சுடவைக்கும் அடுப்புக்கு அவர்தான் பொறுப்பு. தோட்டத்தில் எல்லா ஆண்களும் மழையில் நனைந்துகொண்டு நிற்கும்போது அவர் மட்டும் காய்ந்திருப்பார். வீட்டுக்கு வந்தால் சட்டையில் புகையும் புதுத்தூளும் சேர்ந்த ஒரு மணம். காலையில் வேலைக்குப் போகுமுன் வீட்டு அடுப்பில் கையைக் காட்டி, அந்தச் சூட்டோடு என் இரண்டு காதையும் பொத்துவார். உலகம் குகைக்குள் போன மாதிரி ஒரு இரைச்சல் கேட்கும். அப்பாவின் உள்ளங்கை என்றால் எனக்கு அந்த இரைச்சல்தான்.

டீமேக்கர் ஐயா சம்மதித்தார். ஸ்டோரில், தோட்டத்தை நடத்துகிற துரைக்கு அடுத்த ஆள் அவர். நல்ல மனிதர். இதை நான் சும்மா எழுதவில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையை எப்போதோ சொல்லி முடித்திருப்பேன்.

சனிக்கிழமை. முதல் நாளே டீச்சர் பெட்டியைக் கொடுத்துவிட்டுத் தன் மணிக்கூட்டைக் கழற்றி என் கையில் கட்டினார். பட்டியில் கடைசி ஓட்டைக்குப் போட்டும் அது வளையல் மாதிரித் தொங்கியது. “தொடங்கிற நேரத்தை எழுது. பிறகு ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா அது தானே எடுக்கும். நீ தொடவேண்டாம்.” வேறு ஒன்றும் சொல்லவில்லை. மழை வரப்போகிறது என்று அண்ணாந்து பார்த்தார். அந்த அண்ணாந்த கழுத்து நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாருங்கள், எது தங்குகிறது என்று.

கொப்பியில் ஏழு மணி என்று எழுதித் தொடங்கினேன்.

சூடான காற்று போகும் குழாயில் தெர்மாமீட்டர் செருகுகிற ஓட்டை ஒன்று உண்டு. அதன் பக்கத்தில் அப்பா என் குச்சியைச் சாக்குத் துணி சுற்றிச் செருகினார். ஸ்டோர் தெர்மாமீட்டரில் இருநூறு. என் திரையில் தொண்ணூற்று மூன்று.

“என்னா பாப்பா இது, நான் போட்ட சூட்டுல பாதியத் தின்னுருச்சே ஒன் மெஷினு.”

“இல்லப்பா. ஒங்களோடது வேற அளவு. முப்பத்திரெண்டக் கழிச்சு, அஞ்சால பெருக்கி, ஒம்பதால வகுக்கணும்.”

“கழிச்சா?”

“தொண்ணூத்தி மூணு.”

அவர் விறகைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து, பக்கத்தில் தட்டு நிரப்பிக்கொண்டிருந்த ஆளிடம், “எம் மக கழிச்சுக் கூட்டிச் சரியாக்கிருச்சு,” என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் பெருமைப்படத் தெரியாத மனிதர்.

அங்கே கடிகாரம் இல்லை. டீமேக்கர் அறைக்குள் சுவரில் ஒன்று இருந்தது. ஸ்டோர் புத்தகம் எழுதுகிறவர் போய் அதைப் பார்த்து வந்து எழுதுவார். ட்ரையர் இரைச்சல், பெல்ட் அடிக்கிற சத்தம், தூள் பறந்து மூக்குக்குள் கசப்பு. நான் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு நேராகப் போனது.

ஒரு கட்டத்தில் உள்ளே போன இலை எல்லாம் தூளாகி வெளியே வந்து முடிந்தது. அடுத்த இலை வருமுன் அப்பா அடுப்பைத் திறந்து சாம்பலை அள்ளினார். வழக்கமாகச் செய்கிறதுதான். கால் மணித்தியாலம். இரும்புக் கூடையில் கங்கும் சாம்பலும். என் கோடு சறுக்கி எழுபதுக்கு வந்தது. நான் பயந்துபோய், “அப்பா, சூடு இறங்குது!” என்று கத்தினேன்.

“எறங்கத்தான் செய்யும். அடுப்பும் மூச்சு வாங்கணும்ல.”

கொப்பியில் அந்த வசனத்தை எழுதவில்லை. தரவு மட்டும் எழுதச் சொல்லியிருந்தார்கள்.

திரையில் இருந்த கோட்டை அப்படியே வரைபுத் தாளில் கீறினேன். கீழே மணி, பக்கத்தில் சூடு. தொண்ணூற்று மூன்றில் ஓடிவந்த கோடு ஒன்பது நாற்பதில் பள்ளமாக விழுந்து மறுபடி ஏறியது. பதுளையில் எனக்கு இரண்டாம் பரிசு. சாணக்காரனுக்கு முதல் பரிசு. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, சும்மா ஒரு கேலிக்கு. டீமேக்கர் ஐயா அந்த வரைபைக் கேட்டு வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டினார். சூட்டுக் கணக்கைத் தானும் ஒருமுறை பென்சிலால் கழித்து வகுத்துப் பார்த்து, “ரொம்பச் சரி” என்று என் தலையில் தட்டினார்.

சண்டை நின்று யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருந்த காலம் அது. டீச்சருக்கு மாற்றம் கிடைத்தது. அம்மாவிடம் போனார். கடைசி நாள் மணிக்கூட்டைப் பார்த்து, “நேரம் கிடக்கு” என்றார். பஸ் புறப்பட்டுவிட்டது. கதவைத் தட்டிக்கொண்டு ஓடினார். நாங்கள் சிரித்தோம்.

அவர் போய் இரண்டு கிழமைக்குள் கொழும்பிலிருந்து தூள் திரும்பி வந்தது. ஈரம் பிடித்துப் புளித்துப்போயிருந்ததாம். எந்த நாள் தூள் என்று பார்த்தார்கள். என் சனிக்கிழமைத் தூள்.

என்னையும் கூப்பிட்டார்கள். டீமேக்கர் அறையில் அப்பா கதவோரம் நின்றார். கையிலிருந்த துண்டைத் தோளில் போடவும் இல்லை, இடுப்பில் கட்டவும் இல்லை. மேசையில் ஸ்டோர் புத்தகம். அதன் பக்கத்தில், சுவரிலிருந்து இறங்கிய என் வரைபு.

“பத்து பத்துக்குச் சாம்பல் அள்ளினதா புத்தகத்துல இருக்கு,” என்றார் டீமேக்கர். “இதுல பாரு. பத்து பத்துக்குக் கோடு கல்லு மாதிரி நிக்குது. எறங்கினது ஒம்பது நாப்பதுக்கு. அந்த நேரம் எலை உள்ள ஓடிக்கிட்டு இருந்துச்சு. நெருப்ப விட்டுட்டு எங்க போன?”

“எங்கயும் போகலைங்க ஐயா. கோடு எறங்கினது நான் சாம்பல் அள்ளினப்பதாங்க.”

“அப்ப மணி பொய் சொல்லுதா?”

“மணியப் பத்தி எனக்கு என்னாங்க தெரியும். சாம்பல் அள்ளினேன்.”

“புத்தகத்துல?”

“அள்ளப் போறேன்னு சொன்னேங்க. அவரு எழுதினாரு.”

“நீ சொல்றதத்தானே அவனும் எழுதுறான்.” அவர் என் பக்கம் திரும்பினார். குரல் மெதுவானது. “பாப்பா, இந்த மணி எல்லாம் நீ எழுதினதா?”

“ஆமாங்க ஐயா.”

“மணிக்கூடு பார்த்தா, குத்துமதிப்பாவா?”

“பார்த்துதாங்க.”

“நல்லா ஓடுற மணிக்கூடுதானே?”

“ஆமாங்க. டீச்சரோடதுங்க.”

“அப்பா அப்ப சாம்பல்தாங்க அள்ளினாங்க, நான் பார்த்தேன்,” என்றும் சொன்னேன். அவர் சிரித்தார். இரக்கமான சிரிப்புத்தான். “மக அப்பாவுக்குத்தான் பேசும். அதுல தப்பில்ல. ஆனா மெஷின் யாருக்கும் பேசாது.”

எல்லாம் கேட்டார். மணிக்கூடு ஓடுமா என்று கேட்டார், யாருடையது என்று தெரிந்துகொண்டார். சந்தியில் தேங்காய் விற்கிறவர்கூடக் கேட்கிற கேள்வியை மட்டும் அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. அவர், அப்பா, புத்தகம் எழுதினவர், நான். பழசா, புதுசா? சூட்டை மாற்றிப் பார்க்கப் பென்சிலை எடுத்தவர்கள் நாங்கள். கீழே கிடந்த நேரத்தை யாரும் தொடவில்லை. அழகாக, நேராக, மைபோட்டு எழுதியிருந்தேன். அதனால் இருக்கும்.

அப்பாவை ஸ்டோரிலிருந்து நிறுத்தி மலைக்கு அனுப்பினார்கள். மலை என்றால் வெளி வேலை, மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டுவது. அடுத்த திங்கள் அதிகாலை பெரட்டுக்கு, அதுதான் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கிற இடத்துக்கு, அவர் மண்வெட்டியோடு போனார். இருபது வருஷம் நெருப்புக்கு முன் நின்ற மனிதர். மழைக்குப் போடும் கொங்காணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொள்ளத் தெரியவில்லை. அம்மாதான் மடித்துக் காட்டினார்.

“நெருப்புக்கிட்ட நின்னவர மழைக்குள்ள தள்ளிட்டாங்க,” என்றார் அம்மா. கொஞ்சம் பொறுத்து, என்னைப் பார்க்காமல், “படிப்பு,” என்றார். அந்த ஒரு சொல்தான். திட்டாகவும் இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. அதை நீங்கள் நம்பவேண்டும். என்னவோ ஒன்று அசையாமல் நின்றது, மேசை முன்னால் நின்ற கங்காணி மகன் மாதிரி. சாப்பிட்டேன், பள்ளிக்கூடம் போனேன், விஞ்ஞானத்துக்கு நல்ல புள்ளி எடுத்தேன். பெட்டியைப் பள்ளி அதிபர் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். பிறகொரு நாள் திறந்தபோது பாட்டரி கசிந்து மூன்று கணிப்பானுக்குள்ளும் பச்சை பூத்திருந்தது. உணரிக் குச்சியை யாரோ ஆட்டுக்குட்டிக் கயிற்றுக்கு முளையாக அடித்திருந்தார்கள். அதையும் பார்த்துக்கொண்டே நடந்து போனேன்.

உள்ளுக்குள் ஒரு கேள்வி இருந்தது. அப்பா உண்மையிலேயே போனாரா? நான் கண்ணால் பார்த்தேன், அள்ளினார். ஆனால் என் கையெழுத்து, “இல்லை” என்றது. நான் என் கையெழுத்தை நம்பினேன். பதின்மூன்று வயதிலிருந்து பதினேழு வயதுவரை என் அப்பாவைவிட அதை நம்பினேன். இதை எழுதுவதற்குத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்திருக்கிறேன்.

மலையில் அவர் கை போனது. முதலில் காலையில் மட்டும் மரத்துப்போகும். பிறகு மத்தியானமும். பதுளை ஆஸ்பத்திரியில் நரம்பு என்றார்கள், சீனி வியாதியும் இருக்கிறது என்றார்கள். காதைப் பொத்துவதை எப்போது நிறுத்தினார் என்று தெரியவில்லை. நான் பெரிய பிள்ளையாகிவிட்டதால் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு சித்திரை வருஷப் பிறப்போடு அரசாங்கம் அந்த அரை மணித்தியாலத்தையும் திருப்பித் தந்தது. வருஷப் பிறப்பு முடிந்த காலை. வீட்டில் ஒரு சுவர்க் கடிகாரம், பண்டாரவளையில் வாங்கியது. அப்பா அதைக் கழற்றி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, பின்னால் இருக்கும் சின்னத் திருகைப் பிடிக்கப் பார்த்தார். விரல் திருகின் மேல் நின்றது. திருகு சுற்றவில்லை.

“பாப்பா, இதத் திருப்பு. எனக்குப் புடிபடல. அர மணி பின்னுக்கு.”

வாங்கினேன். அப்போது மணி பத்து பத்து.

பத்து. ஒன்பது ஐம்பத்தைந்து. முள் பின்னால் நடப்பதை நான் முதல்முறை பார்க்கிறேன். ஒன்பது நாற்பதில் நிறுத்தினேன்.

எத்தனை நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. அளக்க ஆளில்லை.

“அப்பா.”

“ம்.”

“அந்த டீச்சரோட மணிக்கூடு பழைய நேரம்ப்பா.”

அவருக்கு எந்த டீச்சர் என்று விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கணக்குத் தெரியாத மனிதர் என்று நான் நினைத்திருந்தேன். முழுவதும் போட்டு முடித்துவிட்டார்.

“அப்ப மெஷினு பொய் சொல்லல.”

“இல்லப்பா.”

“நானும் சொல்லல.”

“இல்லப்பா.”

“சரி,” என்றார். “மாட்டு.”

டீமேக்கர் வேறு தோட்டத்துக்குப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. ஸ்டோரையே மூடியிருந்தார்கள். இலை லொறியில் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. யாரிடம் போய்ச் சொல்வது. தூள் ஏன் ஈரமானது என்று இன்றுவரைக்கும் யாருக்கும் தெரியாது. வெறும் மழையாகவும் இருக்கலாம்.

ஆணியில் கடிகாரத்தை மாட்டிவிட்டு இறங்கினேன். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அப்பா இரண்டு உள்ளங்கையாலும் கோப்பையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். ஆவி பறந்துகொண்டிருந்தது. குடிக்கவில்லை. அதற்கு முந்திய வாரம் சூடு தெரியாமல் குடித்து உதடு வெந்திருந்தது.

“பாப்பா,” என்று கோப்பையை என் பக்கம் நீட்டினார். “சூடு எப்புடின்னு பாரு.”

விரலை வைத்துப் பார்த்தேன்.

“குடிக்கிற சூடுதான்ப்பா,” என்றேன்.

அவர் குடித்தார்.